சீட்டு நின்ற பிறகு எங்கள் முடுக்கில் யாரும் யாரையும் நம்புவதில்லை. காசு இல்லாததாலா, வேறு எதனாலுமா?

முடுக்குக்காரன்

கொஞ்ச நாளாக மனதில் கிடக்கிற விஷயம், எழுதிவிடுகிறேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் முடுக்கில் 14 வருடம் விடாமல் ஒரு சீட்டு ஓடியது. எட்டு வீடு. தமிழ் வீடு நாலு, சிங்கள வீடு இரண்டு, முஸ்லிம் வீடு இரண்டு. சிங்களவர்களும் அதைச் சீட்டு என்றுதான் சொல்வார்கள். கையெழுத்து, சாட்சி எதுவும் கிடையாது, அம்மாவின் கொப்பி ஒன்று மட்டும்தான். 2019 ஏப்ரலில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில். அதற்குப் பிறகு முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்று எங்கும் கதை பரவியது. அந்த மாதமும் எட்டு வீட்டிலிருந்தும் காசு வந்தது. அம்மா அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

குண்டுவெடிப்பில் நிற்காத சீட்டு 2022 பொருளாதார நெருக்கடியில் நின்றுவிட்டது.

கடைசிச் சுற்று 2021 டிசம்பரில் தொடங்கியது. ஆளுக்கு 25,000, எட்டு மாதம், முறைக்கு வருகிறவருக்கு 2 இலட்சம். முதல் சீட்டை எடுத்தவர் ஓட்டோ ஓடுகிற அண்ணன், லீசிங் பாக்கி கட்ட வேண்டும் என்று கேட்டு எடுத்தார். கடைசி ஆள் தையல் வேலை செய்கிற அக்கா, ஜூலையில் அவருடைய முறை. மே மாதம் வந்தபோது ஓட்டோ அண்ணன் பெற்றோல் வரிசையிலேயே படுத்துக் கிடந்தார், ஓட்டம் இல்லை, கட்ட முடியவில்லை. இன்னொரு வீட்டிலும் வேலை போய் அவர்களும் நிறுத்திவிட்டார்கள். ஜூலையில் தையல் அக்காவின் கைக்கு 1,50,000தான் வந்தது.

அதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. டிசம்பரில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2,675 ரூபா, ஜூலையில் 4,910. முதலில் எடுத்தவரின் 2 இலட்சத்துக்கு 74 சிலிண்டர் வாங்கலாம். எல்லாரும் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் அக்காவுக்கு 40தான் வாங்க முடியும். கட்டாததால் 30. ஆக, அவருக்கு நடந்த நட்டத்தில் பெரிய பங்கை எடுத்தது ஓட்டோ அண்ணன் இல்லை, விலைவாசி. ஆனால் விலைவாசியோடு போய்ச் சண்டை பிடிக்க முடியாதே. மூன்று வருடமாகிறது, அந்த அண்ணன் இன்னமும் எங்கள் வாசலைத் தவிர்த்துச் சுற்றுவழியாகத்தான் போகிறார்.

வறுமை வந்தால் நம்பிக்கை போய்விடும் என்று சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் முடுக்கில் முன்பும் யாரிடமும் காசு இருந்ததில்லையே. உங்கள் இடத்தில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

நாலாம்_குறுக்கு

தம்பி, எங்கள் தெருவிலும் இதே கதைதான், தொகைதான் பெரிது. புறக்கோட்டையில் நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயம், கிழங்கு, செத்தல் மிளகாய் மொத்தமாக விற்கிற இடத்தில் 22 வருடமாக நிற்கிறேன். எங்கள் வியாபாரம் கைக்காசில் நடந்ததே இல்லை. ஹற்றனிலிருந்து, சிலாபத்திலிருந்து கடைக்காரர்கள் வருவார்கள், லொறியில் சாமான் ஏற்றுவார்கள், 45 நாள், 60 நாள் தள்ளித் திகதி போட்ட செக் ஒன்றைத் தருவார்கள். அந்தச் செக்கை நான் என் இறக்குமதிக்காரருக்குக் கொடுப்பேன், அவர் இன்னொருவருக்கு. ஒரே செக் மூன்று கை மாறும், ஒவ்வொரு கையும் முந்தின கையை நம்பித்தான் வாங்கும்.

2022 மார்ச் முதல் வாரத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதம் 360. பெப்ரவரியில் நான் கடனுக்கு விட்ட சாமானின் செக் ஏப்ரலில் சரியாக மாறியது, ஒரு சதம் குறையவில்லை. அந்தக் காசை எடுத்துக்கொண்டு போனால் விற்ற மூட்டைகளில் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் திரும்ப வாங்க முடிந்தது. யாரும் என்னை ஏமாற்றவில்லை, எல்லாரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், ஆனாலும் நான் நட்டப்பட்டேன். அடுத்த நாள் முதல் கைக்காசு இல்லாமல் ஒரு மூட்டை இறங்காது என்று நானே சொன்னேன். 15 வருடம் பழகிய மனிதரின் முகத்துக்கு நேரே. அவர் பதில் ஒன்றும் பேசவில்லை, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

இப்போது விலை ஓரளவு நிற்கிறது, பழையபடி கடன் கொடுக்கலாம். அவர் வருவதில்லை.

வெள்ளவத்தை_வாசி

எல்லாரும் 2022க்கு முன்பு பெரிய நம்பிக்கை இருந்தது போல எழுதுகிறீர்கள். இருந்ததா? 83 ஜூலைக் கலவரத்தில் புறக்கோட்டையில் எத்தனை தமிழ்க் கடை எரிந்தது? 2007 ஜூனில் வெள்ளவத்தை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை விடியப்புறம் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்களே, உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. யார் வீட்டுக்கு யார் வந்து தங்கினாலும் பொலிசில் போய்ப் பதிய வேண்டிய காலத்தில் வளர்ந்தவள் நான். நம்பிக்கை குறைந்ததற்குப் பொருளாதாரத்தைக் காரணம் காட்டினால் இதையெல்லாம் எங்கே வைப்பது?

முடுக்குக்காரன்

நீங்கள் சொல்வதை மறுக்கவே மாட்டேன் அக்கா. அம்மா 83இல் ஒளிந்திருந்தது எங்கள் முடுக்குச் சிங்கள வீட்டில்தான். பிறகு அதே வீட்டோடுதான் சீட்டுப் பிடித்தார். அதனால்தான் எனக்கு இது இன்னும் புதிராக இருக்கிறது. அவ்வளவு பெரிய பயத்தைத் தாண்டி வந்த உறவு ஒரு எட்டு மாதத்தில் எப்படி அறுந்தது?

பொருளியல்_மாணவி

நான் படிக்கிற துறை இது என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலக விழுமிய ஆய்வு என்று பல நாடுகளில் பல வருடங்களாக நடக்கிற ஒரு கருத்தாய்வு இருக்கிறது. அதில் ஒரு கேள்வி: பொதுவாகப் பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா, அல்லது மிகவும் கவனமாக இருக்க வேண்டுமா? நோர்வே, டென்மார்க் போன்ற இடங்களில் பத்தில் ஏழு பேர் வரை நம்பலாம் என்கிறார்கள். பத்தில் ஒருவர் கூட அப்படிச் சொல்லாத நாடுகளும் உண்டு. பணக்கார நாடுகளில் நம்பிக்கை கூட என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் ரொத்ஸ்டைன், உஸ்லானர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005இல் எழுதிய கட்டுரையில் காட்டுவது வேறு. வருமானம் எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு சமமாகப் பிரிந்திருக்கிறது, அரசு அலுவலகம் ஆள் பார்க்காமல் நடக்கிறதா என்பதோடுதான் நம்பிக்கை நெருக்கமாகப் போகிறது என்கிறார்கள். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

முடுக்குக்காரன் அண்ணா, உங்கள் சீட்டைப் பற்றியும் ஆய்வு இருக்கிறது. பெஸ்லி, கோட், லௌரி என்ற மூன்று பேர் 1993இல் இதை ஒரு கணக்காகவே எழுதினார்கள். சீட்டில் எப்போதும் பலவீனமான இடம் முதலில் எடுத்தவர்தான், காசு அவர் கைக்கு வந்தாயிற்று, இனி கட்டுவது மட்டும்தான் மிச்சம். அவரைக் கட்ட வைப்பது சட்டம் இல்லை, அக்கம்பக்கத்தின் முகம். அந்த முகத்தை இழக்கும் பயம் மாதம் 25,000ஐ விடப் பெரிதாக இருக்கும் வரை சீட்டு ஓடும். கையில் 25,000 இல்லவே இல்லை என்றால் அந்தப் பயம் என்ன செய்யும்? அவரைச் சுற்றுவழியில் போக வைக்கும், அவ்வளவுதான்.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். ஒரு வருடத்தில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு விலை. அப்படி ஒரு வருடத்தில் காலம் தள்ளிப் போடுகிற எந்த வாக்குறுதியும் நிற்காது. சீட்டு, செக், கடைக் கொப்பி எல்லாம் அப்படித்தான். அவை எல்லாம் நாளைய ரூபாவும் இன்றைய ரூபாவும் கிட்டத்தட்ட ஒன்று என்ற எண்ணத்தின் மேல் கட்டியவை. ரூபாவை நம்ப முடியவில்லை, அது மனிதர்களை நம்ப முடியாதது போல வெளியே தெரிந்தது.

வெள்ளவத்தை அக்கா சொன்னது வேறு வகை முறிவு என்று நினைக்கிறேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் ஒன்றை வைத்து மற்றதை விளக்கிவிட முடியாது.

மட்டக்குளி_அக்கா

நான் படித்தவள் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

காஸ் வரிசையில் இரண்டு மாதம் நின்றிருக்கிறேன். சிலிண்டர்களைக் கயிற்றால் ஒன்றோடொன்று கட்டி வைப்போம், இரவில் யாரும் இழுத்து முன்னுக்கு வைக்காமல் இருக்க. ஒரு பெண் கொப்பியில் பெயர் எழுதுவாள். முதல் வாரம் எல்லாரும் ஒற்றுமை, ஒருத்தி வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குச் சோறு கொடுத்துவிட்டு வர மற்றவள் இடம் பார்ப்பாள். பிறகு ஒரு நாள் லொறி வந்தபோது கடைக்குப் பின்பக்கத்தால் சில சிலிண்டர் போனதைக் கண்ணால் கண்டோம். அன்றைக்குத்தான் எல்லாம் கெட்டது. அதற்குப் பிறகு பெயர் எழுதிய பெண்ணையே சந்தேகப்பட்டோம். அவள் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

பெற்றோலுக்கும் அதே அடிதடி. ஆனால் ஜூலைக்குப் பிறகு போனில் கியூஆர் குறியைக் காட்டி அளவுப்படி பெற்றோல் எடுக்கிற முறை வந்ததே, அதை நினைத்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. என் வீட்டுக்காரருக்கு அந்த 5 லீற்றர் ஒன்றரை நாள் ஓட்டத்துக்குக் காணாது. ஆனாலும் சண்டை நின்றது. மந்திரிக்கும் அதே போன், எனக்கும் அதே போன் என்று ஒரு எண்ணம் வந்தது. உண்மையில் அப்படித்தானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் பெற்றோல் ஷெட்டில் நின்றால் அப்படித் தெரிந்தது, அதுவே போதுமாக இருந்தது. பெற்றோல் கூடவில்லை, ஒழுங்கு வந்தது.

அதோடு ஒன்று. அதே காலத்தில் எங்கள் தோட்டத்தில், அதாவது வீடுகள் நெருக்கமாக இருக்கிற எங்கள் குடியிருப்பில், பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்து ஒரே அடுப்பில் விறகு வைத்துச் சமைத்தோம். காஸ் இல்லை, மா இல்லை, ஆனால் பானையில் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். யார் அரிசி கொண்டுவந்தார், யார் வெறுங்கையோடு வந்தார் என்று தெரியும், வெறுங்கையோடு வந்தவரையும் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. வாழ்க்கையில் அவ்வளவு இல்லாமை நான் கண்டதில்லை, அவ்வளவு நெருக்கமும் கண்டதில்லை.

வெள்ளவத்தை_வாசி

கியூஆர் பற்றி நீங்கள் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. இவ்வளவு நாளும் நான் நம்பிக்கை என்றால் மனித குணம் என்றே நினைத்திருக்கிறேன்.

தோஹாவிலிருந்து

வெளியில் இருந்து ஒரு பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

2021 கடைசியில் வங்கியில் டொலருக்கு 203 ரூபா என்று பிடித்து வைத்திருந்தார்கள். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே காசு அனுப்பித் தருகிற ஆட்களிடம், 230, 240. நான் என்ன செய்வேன்? வீட்டில் மூன்று பிள்ளைகள். வட்ஸ்அப்பில் ஒரு நம்பர், முகம் தெரியாத ஆள், றியாலைக் கொடுத்தால் ஒரு மணித்தியாலத்தில் வத்தளையில் என் மனைவியின் கையில் ரூபா. ரசீது கூடக் கிடையாது. ஒரு தடவை கூடத் தவறவில்லை. சொந்த நாட்டின் மத்திய வங்கியை நம்பாமல் ஊர் பெயர் தெரியாத ஒருவரை நம்பினேன் என்பதை இன்றைக்கு நினைத்தால் நெஞ்சு கனக்கிறது, ஆனால் அன்றைக்கு அதுதான் சரியாகத் தெரிந்தது.

எல்லாரும் அப்படிச் செய்தோம். 2020இல் வங்கி வழியாக நாட்டுக்குப் போன வெளிநாட்டு உழைப்புக் காசு 7.1 பில்லியன் டொலர். 2022இல் 3.8 பில்லியன். காஸ் கப்பலுக்குக் கட்ட டொலர் இல்லாமல் போனதில் எங்கள் உண்டியலுக்கும் ஒரு பங்கு உண்டு. மட்டக்குளி அக்கா, நீங்கள் வரிசையில் நின்ற காஸைத்தான் சொல்கிறேன். ரூபாவை மிதக்கவிட்டு வங்கி விலையும் வெளி விலையும் ஒன்றான பிறகு நான் வங்கிக்கே திரும்பிவிட்டேன். 2023இல் மொத்தத் தொகை மறுபடி 6 பில்லியனுக்கு வந்தது. நாட்டுப்பற்றுப் பேச்சால் யாரும் திரும்பவில்லை, விலை உண்மையானதும் திரும்பினோம்.

அதனால் நம்பிக்கை அழிந்துபோனது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது இடம் மாறியது. எங்கே சொன்னது நடக்கிறதோ அங்கே போனது.

பழைய_கொழும்பு

இது கொழும்புக்குப் புதிதில்லை, நூறு வருடத்துக்கு முன்பும் நடந்திருக்கிறது.

செட்டியார் தெரு என்றால் இன்றைக்கு நகைக்கடை. அந்தப் பெயர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களால் வந்தது. வெள்ளைக்கார வங்கிகள் இங்கே இருந்தன, ஆனால் ஒரு சில்லறைக் கடைக்காரனோ சிறு தோட்டக்காரனோ அங்கே வாசற்படி ஏற முடியாது, அவனை அவர்களுக்குத் தெரியாது. வங்கி செட்டியாருக்குக் கடன் கொடுக்கும், அதற்கு வங்கியின் சிராப்பு என்ற உத்தரவாதக்காரர் பொறுப்பேற்பார். செட்டியார் கடைக்காரனுக்குக் கொடுப்பார், ஏனென்றால் அவனை அவருக்குத் தெரியும். ஆக ஆளைத் தெரிந்தவர் நடுவில் நின்றார். வட்டி கூடத்தான், அதையும் சொல்ல வேண்டும், அதனால் அழிந்த குடும்பங்களும் உண்டு.

1925இல் பெரிய செட்டியார் நிறுவனம் ஒன்று முறிந்தது. வங்கிகள் பயந்து எல்லாச் செட்டியார்களுக்கும் கையை இறுக்கின. செட்டியார்கள் கடைக்காரர்களிடம் கொடுத்ததைத் திரும்பக் கேட்டார்கள். நடுவில் நின்றவரை நம்பாமல் போனதும் கீழே இருந்த நேர்மையான கடைக்காரனுக்கும் கடன் அடைபட்டது. அதற்குப் பின்னால் முப்பதுகளின் பெருமந்தம் வேறு. 1934இல் பொச்கானவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு வைத்தார்கள், அதன் பிறகு 1939இல் இலங்கை வங்கி வந்தது. சீட்டுக்கும் 1935இல் ஒரு கட்டளைச் சட்டம் போட்டார்கள். அதாவது முகத்தைப் பார்த்து நம்பிய இடத்தில் விதியைப் பார்த்து நம்பலாம் என்று ஒரு ஏற்பாடு வேண்டியிருந்தது. முடுக்குச் சீட்டுக்காரர்கள் யாரும் அந்தச் சட்டத்தைத் திறந்தும் பார்த்திருக்க மாட்டார்கள், அது வேறு கதை.

நாலாம்_குறுக்கு

விதி விதி என்கிறீர்கள், விதியை மாற்றுகிறவரே அரசாங்கம் என்றால்? அம்மா ஒரு நிதி நிறுவனத்தில் 30 இலட்சம் போட்டிருந்தார். நிறுவனம் மூடியது. வைப்புக் காப்புறுதியில் கிடைப்பதற்கு ஓர் எல்லை உண்டு, இப்போது 11 இலட்சம், முன்பு 6 இலட்சம். மிச்சத்துக்கு இன்னும் அலைகிறோம். பதாகையில் எல்லாம் ‘அனுமதி பெற்றது’ என்று பெரிய எழுத்து. அம்மா அதைப் பார்த்துத்தான் போட்டார்.

பொருளியல்_மாணவி

அண்ணா, உங்கள் கோபம் நியாயமானது. நான் அடிக்கடி நினைப்பது 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பைப் பற்றி. தொழிலாளர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த பிணைமுறிகள், அதாவது அரசின் கடன் பத்திரங்கள், நீண்டகாலப் பிணைமுறிகளாக மாற்றப்பட்டன, வங்கிகள் வைத்திருந்த ரூபாப் பிணைமுறிகள் தொடப்படவில்லை. வங்கிகள் ஏற்கெனவே பாதிப்பில் இருக்கின்றன, அவை விழுந்தால் எல்லாரும் விழுவோம் என்று காரணம் சொன்னார்கள், அதில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் தொழிற்சாலையில் 20 வருடம் தைத்த ஒரு பெண்ணிடம் போய் உன்னுடையதைத்தான் தொட்டோம் என்று யார் உட்கார்ந்து விளக்கினார்கள்? உலக வங்கிக் கணக்குப்படி 2021க்கும் 2022க்கும் இடையில் வறுமை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. இல்லாமையைத் தாங்கலாம், மட்டக்குளி அக்கா அதைத்தான் காட்டினார். சுமையை யார் தலையில் வைத்தார்கள், சொல்லிவிட்டு வைத்தார்களா, சொல்லாமல் வைத்தார்களா என்பதைத்தான் மனது மறப்பதில்லை.

மட்டக்குளி_அக்கா

தம்பி முடுக்குக்காரன், அந்தத் தையல் அக்காவிடம் நீங்கள் கேட்டீர்களா? அவருக்கு எது வலித்தது என்று?

முடுக்குக்காரன்

கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, மூன்று வருடத்தில் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை.

முடுக்குக்காரன் (நான்கு நாள் கழித்து)

போய்க் கேட்டேன்.

அவர் மெஷினில் இருந்தபடியே சொன்னார்: அம்பதாயிரம் போனது உண்மைதான், மகளின் டியூஷன் நின்றது, அதை மறக்க மாட்டேன். ஆனால் மே மாதம் அவன் வந்து ‘அக்கா, என்னால் முடியவில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜூன் மாதம் நான் என்னுடையதை யோசித்துக் கட்டியிருப்பேன், மகளின் வகுப்பையும் முதலே பேசி வைத்திருப்பேன். அவன் வரவில்லை. உன் அம்மாவுக்கும் தெரிந்திருந்தது, அவரும் எனக்குச் சொல்லவில்லை.

அதைக் கேட்டு நான் அப்படியே நின்றேன். ஏனென்றால் அது உண்மை. அம்மாவுக்கு ஏப்ரல் கடைசியிலேயே தெரியும். சீட்டு உடைந்துவிடும் என்று பயந்து யாருக்கும் சொல்லவில்லை. நான் இவ்வளவு நாளும் விலைவாசி என்றேன், அது பொய் இல்லை, ஆனால் எங்கள் வீட்டுப் பங்கை நான் இந்த இழையில் எழுதவே இல்லை. இப்போது எழுதிவிட்டேன்.

ஓட்டோ அண்ணனிடமும் போனேன். அவர் 75,000 என்று ஒரு துண்டில் எழுதிப் பர்சில் வைத்திருக்கிறார், மூன்று வருடமாக. மொத்தமாகச் சேர்த்துக் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று இருந்தாராம், சேரவே இல்லையாம். மாதம் 5,000ஆகக் கொடுங்கள், தையல் அக்காவின் 25,000ஐ முதலில் முடிப்போம் என்றேன். முதல் 5,000ஐ நேற்று அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு பேரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் வெளியில் நின்றேன்.

சரி, இப்போது ஒரு உதவி. ஐந்து வீடு மறுபடி ஒரு சீட்டுத் தொடங்கலாம் என்கிறது. தையல் அக்காவும் வருகிறார், ஆனால் கடைசி முறை வேண்டாம் என்கிறார், அது நியாயம்தான். விலை ஏறினால் கடைசி ஆளுக்கு நட்டம் வராமல் இருக்க என்ன செய்யலாம்? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாலாம்_குறுக்கு

காலத்தைக் குறையுங்கள். ஐந்து பேர் என்றால் மாதம் ஒன்று வேண்டாம், 15 நாளுக்கு ஒன்று வையுங்கள், இரண்டரை மாதத்தில் முடியும். அதற்குள் விலை எவ்வளவு ஓடும்? முதல் எடுக்கிறவர் ஒரு சின்னத் தொகையை விட்டுக்கொடுக்கட்டும், அது கடைசி ஆளுக்குப் போகட்டும். யாழ்ப்பாணத்துச் சீட்டுகளில் அவசரத்துக்கு முந்தி எடுக்கிறவர் கழிவு விடுவார், அதே மாதிரி.

பொருளியல்_மாணவி

ஆளுக்கு 10,000 வைத்தால் சீட்டு 50,000. முதல் ஆள் 48,500 எடுக்கட்டும், இரண்டாவது ஆள் 49,250, மூன்றாவது சரியாக 50,000, நான்காவது 50,750, கடைசி ஆள் 51,500. கூட்டிப் பாருங்கள், மொத்தம் ஒன்றுதான். இதைக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி ஐந்து பேருக்கும் காட்டுங்கள்.

மட்டக்குளி_அக்கா

கட்ட முடியாது என்று தெரிந்தால் எத்தனை நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்றும் எழுதுங்கள் தம்பி. சொல்கிறவரை யாரும் ஏசக்கூடாது என்பதையும்.

முடுக்குக்காரன்

எழுதுகிறேன் அக்கா. ஏழு நாள் என்று போடுகிறேன். முதல் சீட்டு வருகிற பௌர்ணமிப் போயா அன்று, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்.